மச்சான் கை நனைத்த அன்று

பம்புசெட் கம்பெனியில் முப்பது வருடம் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருந்தவன் நான். எந்த மெஷினில் எந்த வேலை எப்போது ஏற வேண்டும், எந்த உதிரிப்பாகம் எந்தக் கிழமை வந்து சேர வேண்டும் என்று போர்டில் எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் எழுத ஒன்றும் இல்லாமல் கை நமநமவென்று இருந்தது. வடவள்ளி வீட்டின் சமையலறையில் ஒரு வெள்ளை போர்டை மாட்டினேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதியைத் தவிர வேறு எதையும் அதில் எழுத என் மனைவி விடவில்லை.

"ஊட்டுக்குள்ள கம்பெனி நடத்தாதீங்க" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டு மார்க்கர் பேனாவை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நேரம் வரும் என்று எனக்குத் தெரியும்.

நேரம் என் மச்சான் வழியாக வந்தது. மச்சான் என்றால் மனைவியின் ஒரே அண்ணன். கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னையும் வாழையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிறார். சாப்பிடுவதிலும் சாப்பிட வைப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் அவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "மாப்ள, இதுக்கேவா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு சீப்பு பழத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்.

அந்த மனிதருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் இரண்டு முறை கோயமுத்தூருக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வாழைப்பழம் கூடாது, தேங்காய் கூடாது, இளநீர் கூடவே கூடாது. கீரை, தக்காளி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் போயிற்று. தண்ணீருக்குக்கூட அளவு. தன் தோப்பில் விளைவது எதையும் தான் வாயில் வைக்க முடியாத தோப்புக்காரர் ஆகிவிட்டார்.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது பெருந்துறையில் நடந்த ஒரு கல்யாணம். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்திருக்கிறார். இலை போட்டாகிவிட்டது. யாரோ நல்ல மனதோடு சமையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பரிமாறுகிற ஆள் ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு இட்லியை வைத்து ஏந்திக்கொண்டு, "டயாலிசிஸ் பேசண்ட் ஆருங்க? டயாலிசிஸ் பேசண்ட் ஆருங்க?" என்று வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். மச்சான் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து யார் வீட்டிலும் அவர் சாப்பிடுவதில்லை.

என் மனைவிக்கு அதுதான் ஆறாத புண். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீடு இருபது நிமிடம். வாரம் இரண்டு தடவை அவர் கார் வந்து போகிறது, எங்கள் வாசலைத் தொடாமலே. இவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, "என்ற ஊட்டுல எங்கண்ணன் கை நனைச்சு ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது. பகை வந்த வீட்டில்தான் கை நனைக்க மாட்டார்கள். பகையே இல்லாமல் இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவள் ஆற்றாமை.

இந்த நிலைமையில் ஆஸ்பத்திரியில் நேரத்தை மாற்றினார்கள். வியாழக்கிழமை டயாலிசிஸ் இனிமேல் காலை ஆறு மணிக்கு, முதல் ஷிப்ட். கோபியிலிருந்து கிளம்ப வேண்டுமானால் கோழி கூப்பிடும் முன்னே கிளம்ப வேண்டும். என் மனைவி போனை எடுத்தாள். "புதன்கெழமையே வந்து நம்ம ஊட்டுல தங்கிக்குங்கண்ணா" என்றாள். ஸ்பீக்கரில் மச்சானின் குரல் கேட்டது. "சரி கண்ணு, பொழுதோட வாரோம். சாப்பாடு மட்டும் ஒண்ணும் பண்ணாத. பொட்டில கட்டியாந்துக்கறோம்."

போனை வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுதால் எனக்கு எப்போதும் வீரம் வந்துவிடும். "கவலைய உடு. உங்கண்ணன் அன்னைக்கு நம்ம ஊட்டுல சாப்புடுவாரு. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை.

போர்டில் கட்டம் போட்டேன். முதல் கட்டம் மச்சானுக்கு. இரண்டாவது கட்டம் அவர் மனைவிக்கு, எனக்கு அக்கா முறை. அக்காவுக்குச் சர்க்கரை. வெள்ளை அரிசி ஆகாது, சாமை, கம்பு, கொள்ளு, கீரை எல்லாம் நல்லது. ஆனால் அக்காவுக்கு ஒரு சொந்த வைத்தியம் உண்டு. வெள்ளைச் சீனிதான் கெடுதல், நாட்டுச்சர்க்கரை நம்ம சரக்கு, அது ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டபோது, "நீங்க எந்தூருங்க, எங்க பக்கத்துச் சர்க்கரையத் தின்னு பாத்திருக்கறீங்களா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார்.

இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அக்காவுக்கு எதெல்லாம் நல்லதோ அதெல்லாம் மச்சானுக்கு ஆகாது. மச்சானுக்கு எது ஆகுமோ, அந்த வெள்ளைச் சோறு அக்காவுக்கு ஆகாது. ஒரே வண்டியில் வந்து இறங்கப் போகிற புருஷனும் பெண்டாட்டியும், தட்டில் மட்டும் கிழக்கும் மேற்கும்.

அதோடு போயிற்றா? சரவணம்பட்டியில் இருக்கும் மகள் போன் செய்து, மாமா வருகிறார் என்றால் நாங்களும் வருகிறோம் என்றாள். மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் ஒரு வருடமாகக் கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், மோர், மாட்டிலிருந்து வருவது எதுவும் தொடுவதில்லை. மச்சானிடம் இதைச் சொன்னபோது, "எருமப்பாலுங்களா?" என்று கேட்டார். அதுவும்தான் என்றேன். "பாவம், அந்த வயசுல என்ன சீக்கோ" என்று வருத்தப்பட்டார். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றலாம் என்று மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டு, முதல் கட்டத்தைப் பார்த்துவிட்டு அழித்தேன்.

எனக்கும் என் மனைவிக்கும் கட்டம் போடவில்லை. "உங்களுக்கு ஒரு நோயும் இல்லீங்க, இருக்கறது அந்த வாய் ஒண்ணுதான்" என்றாள்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சமைத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் தனித்தட்டு என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் அன்று இடமில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். போர்டின் தலையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: எல்லா இலையிலும் எல்லாம். ஒரு பொரியல் வைத்தால் அது ஐந்து இலையிலும் இருக்க வேண்டும், அதை ஐந்து பேரும் சாப்பிட முடிய வேண்டும். சோறு மட்டும்தான் இரண்டு வகை. அக்காவுக்குச் சாமை, மற்றவர்களுக்கு அரிசி. சாமையும் வெந்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். இலையில் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய், அங்கே உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் காட்டினேன். என் மகளைவிடச் சின்னவள். நிதானமாகப் படித்தாள். நான் பெருமையாகச் சோடியம் குறைந்த உப்பு என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டு, "சார், இதுல பொட்டாசியம் இருக்கும். பெரியவருக்கு இது சாதா உப்பவிட ஆபத்து. சாதா உப்பையே கம்மியாப் போடுங்க" என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொன்னாள். முட்டை வெள்ளைக்கரு அவருக்கு அவசியம் வேண்டும் என்றாள். மருமகன் இலையில் அதை வைக்க முடியாது என்பதால், மத்தியானமே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அக்காவுக்கு ரகசியமாகத் தகவல் அனுப்பினேன்.

ஒரு வாரம் அந்தச் சமையலறையில் நடந்தது சோதனை ஓட்டம்தான். புடலங்காய்ப் பொரியல் தேங்காய் இல்லாமல். முட்டைக்கோஸ் சீரகம் தாளித்து. சுரைக்காய்க் கூட்டில் பருப்பு பேருக்கு மட்டும். தக்காளி இல்லாமல் மிளகு ரசம். அந்த ரசம் மூன்று முறை தோற்றது. முதல் முறை கஷாயம். இரண்டாம் முறை கண்ணில் தண்ணீர். மூன்றாம் முறை வெறும் வெந்நீர். நான்காம் முறை என் மனைவி கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி எடுத்தாள். அன்று நான் பட்ட சந்தோஷம் கம்பெனியில் பட்டதில்லை. கடைசியில் இனிப்புக்கு ஆப்பிள் துண்டுகள், மேலே கொஞ்சம் பட்டைத்தூள், ஆளுக்கு நாலே நாலு.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் கார் நின்றது. மச்சான் இறங்கினார். இளைத்திருந்தார். வேட்டி இடுப்பில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. பின்னாலேயே அக்கா டிபன் பொட்டியோடு இறங்கினார். நான் ஓடினேன். "வாங்க மச்சான், வாங்கக்கா" என்று கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒறம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வந்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் கையில் சொம்புத் தண்ணீர் வந்துவிட வேண்டும். அது யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகப் போகும், கை தானாக மொள்ளும். எங்கள் வீட்டில் வருவது சிறுவாணித் தண்ணீர். உலகத்தில் வேறு தண்ணீரே இல்லை என்பதுபோல நாங்கள் பேசுவோம். பானையிலிருந்து மொண்டு, பெரிய சொம்பு தளும்பத் தளும்ப, இரண்டு கையாலும் கொண்டுபோய் நீட்டினேன்.

மச்சான் சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கினார். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்து, என்ன அழகாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று நான் ரசித்துக்கொண்டு நின்றேன். சமையலறையிலிருந்து என் மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சொம்பின் அடிப்பாகம்தான் அவள் கண்ணில் பட்டது.

"ஏனுங்க!" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சமையலறைக்குள் என்னை இழுத்துப்போய் போர்டைக் காட்டினாள். "ஒரு வாரமா எழுதுனீங்களே, புடலங்காயி, சீரகம், பட்டத்தூளு. தண்ணின்னு ஒரு வார்த்தை எழுதுனீங்களா?" எழுதவில்லை. தண்ணீரை யார் சாப்பாடு என்று நினைப்பார்கள்? அவருடைய ஒரு நாள் அளவில் மீதியிருந்த அத்தனையையும் ஒரு சொம்பில் முடித்துவிட்டிருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அங்கிருந்த நர்ஸ் திட்டவில்லை. காலையில் முதல் ஆளாக அவருக்குத்தான் டயாலிசிஸ், இனிமேல் நீராக ஒரு வாய்கூட வேண்டாம், மூச்சு வாங்கினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். "பதறாதீங்க தம்பி. விடிஞ்சா மிசின்ல எடுத்துப்போடுவாங்க. வேண்டாம்னு சொல்லத் தெரியாதா அந்த மனுசனுக்கு? மாப்ள கையில குடுத்துப்போட்டாரு, எப்படி வேண்டாங்கறதுன்னு கேக்கறாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் பொட்டியப் பிரிக்கட்டுங்களா?" என்றார்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பொட்டியைப் பிரித்தால் முடிந்தது. அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். இன்னொரு முறை இந்த வீட்டுக்கு வரவும் மாட்டார். "அரை மணி நேரம் குடுங்க அக்கா" என்றேன். அதற்குள் மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். மச்சானிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்படி அவர்களை முன்னறைக்கு அனுப்பினேன்.

எது எதில் தண்ணீர் இருக்கிறதோ அதெல்லாம் போர்டிலிருந்து அழிந்தது. கூட்டு போயிற்று, ஆப்பிள் போயிற்று. நான்கு முறை பாடுபட்ட என் ரசமும் போயிற்று. அவருக்கு மட்டும் இல்லையென்றால் அது மறுபடியும் அந்த இரண்டு இட்லித் தட்டுதான், அதனால் யாருக்குமே இல்லை. ரசப் பாத்திரத்தை மூடி அடுப்புக்குக் கீழே ஒளித்தோம். வடித்த சோற்றை என் மனைவி அகலமான தாம்பாளத்தில் கொட்டி ஆற வைத்தாள். நான் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கடுகு, கொஞ்சம் உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை. அக்காவின் சாமைக்கும் அதே தாளிப்பு. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, கோபம் அப்படியே இருந்தது, ஆனால் நான் கையை நீட்டினால் அதில் உப்பு ஜாடி இருந்தது.

மேஜையில் ஐந்து இலை போட்டோம். அவள் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுகிறேன் என்று நின்றுகொண்டாள். மச்சான் கை கழுவிவிட்டு வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மருமகன் இலை, மகள் இலை, அக்கா இலை, என் இலை, தன் இலை. எல்லாவற்றிலும் ஒன்றுதான் இருந்தது. ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். நான் என் இலையைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவது பிடி எடுத்தார். அடுப்பறைப் பக்கம் திரும்பி நின்றிருந்த என் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். மருமகன் பொரியலை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் சாப்பிடுகிறவர் போதும் என்றால் யாரும் முதல் தடவை நம்புவதில்லை. இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வேண்டாம் என்று இலையின் மேல் இரண்டு கையையும் குடையாகப் பிடிக்க வேண்டும். என் மனைவி அந்தக் குடையின் இடுக்கு வழியாகக் கரண்டியைக் கவிழ்க்கிற வித்தைக்காரி. அன்றும் மருமகனை விடவில்லை, அக்காவை விடவில்லை, என்மேல் இருந்த கோபத்திலும் என்னை விடவில்லை. அண்ணன் இலைக்கு வரும்போது மட்டும் வாயைத் திறக்காமல் தாண்டிப் போனாள். அவருக்கு ஒரே ஒரு தடவை, இவ்வளவுதான் என்று போர்டில் எழுதி வைத்திருந்தவன் நான்.

மூன்றாவது தடவை அவள் தாண்டியபோது மச்சான் கையை நிறுத்தினார்.

"ஏம்மணி, என்ற எலையத் தாண்டித் தாண்டிப் போறியே. எனக்கு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "டாக்டரு அளவு சொல்லிருக்காங்களேண்ணா."

"அளவு எனக்குத் தெரியாதா கண்ணு? நீ கேளு. நான் வேண்டாங்கறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு வருசமா எனக்கும் சேத்து எல்லாருமே வேண்டாம்னு சொல்லிப்போடறாங்க. என்ற வாயில அந்தச் சொல்லே வாரதில்ல."

நான் ஒரு வாரம் கட்டம் கட்டமாகப் போட்ட திட்டத்தில் எதை விட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

என் மனைவி தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். "இன்னுஞ் சித்தெ சாப்பாடு வெச்சுக்குங்கண்ணா."

"வேண்டாங்கண்ணு."

"ஒரு கரண்டிதானுங்களே, ஒண்ணும் ஆகாது." பழக்கத்தில் வந்துவிட்டது அவளுக்கு.

"அட, வேண்டாங்கறேன்!" என்று இரண்டு கையையும் இலைமேல் கவிழ்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அக்கா பிறகு சொன்னார்.

"பொரியலு?"

"போதும்."

"மொளகுரசம்?" என்று கேட்டுவிட்டாள். ஒளித்து வைத்ததைப் போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேண்டவே வேண்டாம்."

அதற்குமேல் வீட்டில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் நிறுத்தவில்லை. "கோழிக்கொழம்புங்கண்ணா?" என்றாள். அப்படி ஒன்று சமைக்கவே இல்லை. "வேண்டாங்கண்ணு" என்றார். "பச்சப்பயிறு கடஞ்சது? நெய் ஊத்தி?" "வேண்டாம்." "ஒப்புட்டு, வெல்லம் போட்டுச் சூடா?" "வயிறு நெறஞ்சு போச்சு அம்மணி." "கெட்டித்தயிரு?" "ஐயோ, எங்க வெக்கறது?" அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. அண்ணனுக்கு அவள் ஆயுளில் சமைத்துப்போட்ட ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் நிதானமாக, ருசித்து, வேண்டாம் என்றார்.

கடைசியில் அவளுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் மச்சான்.

"அடுத்த புதன்கெழம வாங்கண்ணா. இன்னும் யோசிச்சு வெக்கறேன்."

"வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார்.